டோபி காட்: துறை போய்ப் பெயர் நின்ற இடம்

சிங்கப்பூரின் ஆர்ச்சர்ட் சாலை கிழக்கே முடிகிற இடத்தில், ஃபோர்ட் கேனிங் குன்றுக்குப் பக்கத்தில், தரைக்கடியில் ஐந்து தளங்களாக இறங்குகிறது டோபி காட் பெருவிரைவு ரயில் நிலையம். மூன்று வழித்தடங்கள் சந்திக்கும் நிலையம் அந்நாட்டில் முதன்முதலாக அமைந்தது இங்குதான். பெயர் இந்துஸ்தானி. டோபி என்றால் துணி வெளுப்பவர், காட் என்றால் படித்துறை. தமிழில் சொன்னால் வண்ணான்துறை.

19ஆம் நூற்றாண்டில் இவ்வழியே பிராஸ் பாசா ஓடை ஓடியது. இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் அதன் நன்னீரில் துணி துவைத்து, கரையை ஒட்டிய புல்வெளியில் காயப்போட்டார்கள். உடல் நோகும் வேலை அது. முழங்கால் அளவுத் தண்ணீரில் குனிந்து நின்று, துணியை முறுக்கித் தோளுக்கு மேல் ஓங்கிக் கல்லில் அடிக்க வேண்டும். பல வீட்டுத் துணிகள் ஒரே மூட்டையில் வரும். ஒன்றுகூட இடம் மாறக்கூடாது. அதற்காக இந்தியச் சலவைத் தொழிலில் சேங்கொட்டைச் சாற்றால் துணி ஓரத்தில் குறி போடுவது வழக்கம். எத்தனை முறை வெளுத்தாலும் அந்தக் கறுப்பு போகாது. எழுத்தறியாதவர்களும் பிழையில்லாமல் நடத்திய கணக்கு அது. டோபி என்ற சொல் மலாயிலும் கலந்துவிட்டது. சலவைக் கடைக்கு அங்கே இன்றும் அதுதான் பெயர்.

சுற்றுவட்டாரத்தில் வேறு சமூகங்களும் வேர்விட்டன. யூதர்களின் பழைய இடுகாடு ஆர்ச்சர்ட் சாலையை ஒட்டி இருந்தது. அவர்களின் மகாயின் அபோத் தொழுகைக்கூடம் 1878இல் அருகிலுள்ள வாட்டர்லூ தெருவில் எழுந்தது. யூத வணிகர் ஜோசப் இலயாஸுக்காக 1920களில் கட்டப்பட்ட ஆம்பர் மேன்ஷன்ஸ், சிங்கப்பூரின் தொடக்ககால அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒன்று.

1939இல் லோக் குடும்பத்தினரின் கேத்தே திரையரங்கம் திறக்கப்பட்டது. குளிரூட்டப்பட்ட திரையரங்கம் அந்நகருக்குப் புதிது. அதற்கு மேலெழுந்த கோபுரமே அன்றைய சிங்கப்பூரின் மிக உயரமான கட்டடம். 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் நகரைப் பிடித்ததும் அங்கே அவர்களது ஒலிபரப்புத் துறை குடியேறியது. சில நிமிட நடையில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. கட்டடம் கெம்பெய்த்தாய் என்ற ராணுவக் காவல் படையின் வதைக்கூடமாயிற்று.

தமிழர்களுக்கு இவ்விடம் நெருக்கமாவது அடுத்த ஆண்டில். 1943 அக்டோபர் 21 அன்று கேத்தே அரங்கில் சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். மதராஸிலிருந்து வந்து சிங்கப்பூரில் மருத்துவத் தொழில் செய்துவந்த லட்சுமி சுவாமிநாதன் அந்த அரசில் இடம்பெற்றார்; அவர் தலைமையில் பெண்களுக்கான ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் மறுநாளே வாட்டர்லூ தெருவில் தொடங்கியது. அந்தப் படையில் சேர்ந்தவர்களில் மலாயா ரப்பர்த் தோட்டத் தமிழ்ப் பெண்கள் ஏராளம். தாய்நாட்டைக் கண்ணால் காணாதவர்கள் பலர். பால்மரம் சீவிய கை துப்பாக்கி பிடித்த கதை இத்தெருக்களுக்கு உரியது. இந்திய விடுதலை வரலாற்றில் அதற்கு இன்னும் பெரிய இடம் கிடைத்திருக்க வேண்டும்.

1965 மார்ச் 10 அன்று, சிங்கப்பூரும் அப்போது சேர்ந்திருந்த மலேசியாவோடு இந்தோனேசியா மோதிய காலத்தில், ஆர்ச்சர்ட் சாலையின் மெக்டொனால்டு ஹவுசில் குண்டு வெடித்து மூவர் இறந்தனர். கட்டடம் நிலையத்துக்கு அருகே இன்றும் நிற்கிறது.

ரயில் வந்தபோது பழைய இடங்கள் சில விலகிக்கொள்ள நேர்ந்தது. பெருவிரைவு ரயில் பணிகள் 1983 அக்டோபரில் தொடங்கின. யூத இடுகாட்டு நிலம் கையகப்படுத்தப்பட்டு எச்சங்கள் சுவா சூ காங் இடுகாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டன. 1984இல் ஆம்பர் மேன்ஷன்ஸ் இடிக்கப்பட்டது. 1987 டிசம்பர் 12 அன்று, தோ பாயோவிலிருந்து ஊட்ரம் பார்க் வரையிலான பகுதியோடு டோபி காட் நிலையம் திறக்கப்பட்டது. வடகிழக்கு வழித்தடம் 2003 ஜூன் 20இல் வந்தது. வட்டப் பாதை 2010 ஏப்ரல் 17இல் இணைந்தது. பழைய நடைமேடைக்கும் வடகிழக்குத் தடத்தின் ஆழமான நடைமேடைக்கும் நடுவே தூரம் அதிகம் என்பதால், பயணிகளுக்காக நகரும் நடைபாதைகள் உண்டு. வடகிழக்குத் தடத்தில் அடுத்த நிலையமே லிட்டில் இந்தியா. தேக்கா சந்தைக்குப் போகும் தமிழர்களில் பலர் இங்கே வண்டி மாறுகிறார்கள்.

சீன மொழியில் நிலையத்தின் பெயர் ‘துவோ மெய் கெ’. ஒலிக்காகத் தேர்ந்த எழுத்துகள் அவை. சொல்லுக்குச் சொல் பொருள் பார்த்தால் ‘பல இனிய பாடல்’ என்று வரும். அங்கே துணி துவைத்தவர் மறைந்துவிடுகிறார். தமிழில் ‘டோபி காட்’ என ஒலி மாறாமல் எழுதுவதால் டோபி தப்பிப் பிழைக்கிறார்.

கேத்தே கட்டடத்தின் முகப்பு 2003இல் தேசிய நினைவுச் சின்னமாக்கப்பட்டது. அதன் பின்னால் இருப்பது 2006இல் திறக்கப்பட்ட புதுக் கட்டடம். ஓடையும் அழிந்துவிடவில்லை. கரைகட்டி ஸ்டாம்ஃபோர்ட் கால்வாயாக்கி, பின்னர் பெரும்பகுதியை மூடிவிட்டார்கள். கடைவீதிக்கும் சாலைக்கும் அடியில் அந்தத் தண்ணீர் இப்போதும் மரினா நீர்த்தேக்கத்தை நோக்கி ஓடுகிறது.