'தத்துவப் பாடல்கள்': தொகுப்பின் அரசியல்

'எம்ஜிஆர் தத்துவப் பாடல்கள்' தொகுப்புகளை வெறும் ரசிக மனோபாவம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. காஞ்சிபுரம் குழித்தறியில் கைக்கும் காலுக்கும் வேலை. காது மட்டுந்தான் சும்மா கெடக்குது. குரல் டி.எம்.சௌந்தரராஜனுடையது. சொற்கள் பலருடையவை, அவர்களில் ஒருவர் 1959இல் 29 வயதில் இறந்த பொதுவுடைமையாளர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். உறையிலோ நடிகரின் பெயர். பட்டுச்சேலையிலும் கடைப் பெயர்தானே இருக்கிறது, நெய்தவர் பெயரா இருக்கிறது?

'நாடோடி மன்னன்' (1958) படத்துக்குப் பட்டுக்கோட்டை எழுதிய பாடலொன்றில், விளைந்ததில் நமக்கென்ன மிச்சம் என்று பெண் கேட்கிறாள். காலம் வருமென்கிறான் நாயகன். நடிகர் 1977இல் முதல்வரானார், 1987இல் மறைந்தார். தொகுப்பு, படத்தின் கதையைக் கழற்றிவிட்டு அந்தக் கோபத்தைத் 'தத்துவம்' ஆக்கிற்று. கேள்வியை மட்டும் அதனால் கழற்ற முடியவில்லை. ஒலிநாடா போய்க் கைபேசி வந்தாச்சு. பதில் பழசாகிப்போச்சு, கேள்வி பழசாகலை. தொகுப்பின் ஆயுள் அதில்தான் இருக்கிறது.