பத்து நிமிஷம்

நான் முன்பு குமாஸ்தாவாக இருந்த ஓர் ஆபீஸில், குறைகளை எழுதிப் போடுவதற்கென்று ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். வைத்த இடம் மானேஜர் அறைக்கு நேர் எதிரே! சிலந்தி ஒன்றுதான் அதில் தைரியமாகக் குடியிருந்தது.

சென்னைப் பெரம்பூர் மில் தொழிலாளிகளின் கதையைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பெட்டி என் நினைவுக்கு வரும். அது முதல் உலக யுத்த காலம். மில்லுக்குள் வாய் திறந்தால் வேலை போய்விடும் என்ற பயம். ஆனால் பக்கத்திலே செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு என்ற இரு வியாபாரிகள், வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்று ஒரு பக்தி சபை நடத்தி வந்தார்கள். உபந்நியாசம் கேட்க வந்த தொழிலாளிகள், மெல்ல மெல்லத் தங்கள் கஷ்டங்களையும் அங்கே சொல்லலானார்கள். பெருமாள் சந்நிதியில் மேஸ்திரி ஏது?

கேட்டவர்களும் 'ஐயோ பாவம்' என்பதோடு நின்றுவிடவில்லை. அன்னி பெஸண்ட் அம்மையாரின் 'நியூ இந்தியா' பத்திரிகை ஆபீஸுக்குப் போய், அங்கே பி. பி. வாடியாவிடம் முறையிட்டார்கள். வாடியா பெரம்பூருக்கே வந்து விசாரித்தார். 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது.

முதலில் அவர்கள் கேட்டது என்ன தெரியுமா? மத்தியானச் சோற்றை மென்று தின்னக் கொஞ்சம் நேரம்! அரை மணி 40 நிமிஷமாயிற்று. பத்து நிமிஷம் அற்பந்தான். ஆனால் வாய்விட்டுக் கேட்டுப் பெற்ற பத்து நிமிஷம் அல்லவா?

விலையும் கொடுக்க நேர்ந்தது. 1920-இல் பின்னி கம்பெனி வாடியா முதலியோர் மீது நஷ்டஈட்டு வழக்குப் போட, ஐகோர்ட்டும் தடை விதித்தது. கடைசியில் வாடியா சங்கத்தை விட்டு விலகுவதென்று ராஜியாயிற்று. தொழிற்சங்கங்களுக்குப் பாதுகாப்புத் தரும் சட்டம் 1926-இல்தான் வந்தது.