முகம் வந்தது, லயம் எங்கே?

பதுளையிலிருந்து பசறை செல்லும் வீதியோரத் தோட்டமொன்றில், புதிதாக வாங்கிய 85 மி.மீ. லென்ஸை முதன்முறையாகச் சோதித்துப் பார்த்தேன். எஃப் 1.8 அளவுக்குத் துவாரம் திறக்கும் லென்ஸ் அது. பத்திரிகைப் பணியில் நெடுங்காலம் 35 மி.மீ. லென்ஸோடு அலைந்தவன் நான். மேடையும் கூட்டமும் பதாகையும் ஒரே படத்தில் அடங்கவேண்டும் என்பதே எங்களுக்குச் சொல்லித் தரப்பட்ட பாடம். இந்த லென்ஸின் குணம் நேர்மாறு. ஆறேழு அடி தொலைவில் இருப்பவரின் கண்ணைக் குறிவைத்தால், கூர்மையாகப் பதியும் ஆழம் இரண்டரை அங்குலத்தைத் தாண்டாது. காதே மங்கத் தொடங்கிவிடும். அதற்கப்பால் உள்ளவையெல்லாம் பனிமூட்டம்தான்.

நமுனுகுல மலையிலிருந்து நிஜமான மூட்டமும் இறங்கிக்கொண்டிருந்த மாலை அது. ஆயினும், கொழுந்தெடுத்து ஓய்ந்த மூதாட்டி ஒருவரின் முகத்தை, செயற்கை ஒளியின்றியே லென்ஸ் அள்ளிக்கொண்டது. மூக்குத்தியின் மினுக்கம்கூடத் தப்பவில்லை. பெருமையோடு கேமராத் திரையை அவரிடம் காட்டினேன்.

"மொகம் நல்லா வந்திருக்குங்க ஐயா. எங்க லயம் எங்க?" என்றார்.

உருவப்படத்துக்கென்றே கணக்கிட்டு உருவாக்கப்பட்ட முதல் லென்ஸ் 1840-ல் வியன்னாவில் பிறந்தது. அதை வடிவமைத்த ஜோசப் பெட்ஸ்வால் ஒரு கணிதப் பேராசிரியர். எஃப் 3.6 என்ற அதன் வேகம், நிமிடக்கணக்கில் அசையாதிருக்க வேண்டிய தண்டனையிலிருந்து மனிதரை விடுவித்தது. நடுவில் கூர்மை, ஓரங்களில் மயக்கம் என்பது அதன் இயல்பு. இன்று அழகென்று கொண்டாடப்படுவது அன்று கணிதத்தால் களைய முடியாத குறை.

அவ்வகை லென்ஸோடு 1863 இறுதியில் படமெடுக்கத் தொடங்கியவர் ஜூலியா மார்கரட் கமரோன். கணவருக்கு இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் இருந்ததால் 1875-ல் இங்கு வந்து சேர்ந்தார். களுத்துறையில் உள்ளூர் மக்களைப் படமெடுத்தார். 1879-ல் மறைந்த அவரது கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது. இங்கிலாந்தில் அவர் எடுத்த முகங்களுக்கு டென்னிசன், டார்வின், ஹெர்ஷல் என்று பெயர்கள் உண்டு. இலங்கையில் எடுத்த முகங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் இல்லை. கலையில் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அந்த வேறுபாடு கண்ணில் உறுத்துகிறது.

லயத்தைத் தேடிய மூதாட்டி உள்ளே சென்று, பிளாஸ்டிக் உறையொன்றில் பொதிந்த சிறு கறுப்புவெள்ளைப் படத்தை எடுத்துவந்தார். அவருடைய அக்கா. 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் 9,75,000 பேரைக் கணக்கில் வைத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். எஞ்சிய 1,50,000 பேரை, ஏதோ சில்லறை போல, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அக்கா இந்தியக் கணக்கில் விழுந்தார். கடவுச்சீட்டுக்காகப் பதுளை நகர ஸ்டூடியோவில் எடுத்த படம் அது. முகத்துக்குப் பின்னால் வெறும் வெள்ளைத் துணி.

"இதுலயும் ஒண்ணுந் தெரியல பாருங்க" என்றார்.

புதிய லென்ஸைக் கழற்றிவிட்டுப் பழைய 35 மி.மீ. லென்ஸை மாட்டினேன். பின்னே நகர்ந்து, வாசற்படி, தகரக் கூரை, விறகு அடுக்கு, அடுத்த காம்பராவின் கொடித்துணி எல்லாம் வரும்படி எடுத்தேன். வெளிச்சம் போதாமல் படம் சற்றுக் கரடுமுரடாகவே வந்தது, முகம் சிறிதாகிவிட்டது. ஆசிரியர் மேசையில் வைத்தால் முதல் படத்தைத்தான் தேர்ந்திருப்பார்கள்.

மூதாட்டி இரண்டாவதைத் தேர்ந்தார். இரண்டு பிரதி கேட்டார். ஒன்று அவருக்கு. மற்றது நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில் இருக்கும் அக்கா மகனுக்கு. அம்மா பிறந்த வீட்டை அவன் பார்த்ததே இல்லையாம்.