தேவர்களின் ஒரு நாள்



மார்கழி மாதக் காலைப்பொழுதொன்றில், கோலா தெர்லாவின் தேயிலைச் சரிவுகள் பனிமூட்டத்தில் மறைந்திருந்தன. கோயில் வழிபாடு முடிந்து திரும்புகையில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "ஐயா, நமக்கு ஒரு வருஷம்னா தேவர்களுக்கு ஒரு நாளாம். மார்கழி அவங்களுக்கு விடியற்காலமாம். பாட்டி சொன்னாங்க. உண்மையா?"

"அது புராணம் அம்மா" என்று கூறி நகர்ந்துவிட்டேன். அஃது ஆசிரியர் ஒருவர் கூறத்தக்க விடையன்று என்பது பின்னர் வானியல் வரலாற்றைப் படித்தபோதுதான் விளங்கியது.

கி.பி. 499ஐ ஒட்டி எழுந்த நூல் ஆரியபட்டீயம். தேவர்கள் வாழ்வதாகக் கூறப்படும் மேருவை ஆரியபட்டர் அதில் வடதுருவத்தில் வைத்தார். அங்கிருப்போர் ஒருமுறை உதித்த கதிரவனை அரையாண்டு தொடர்ந்து காண்பர் என்றும், தென்துருவத்தில் இருப்போர் மற்ற அரையாண்டு காண்பர் என்றும் எழுதினார். எந்தத் துருவத்தையும் அவர் கண்டதில்லை. புவி உருண்டையானது, கதிரவனின் ஆண்டுப் பாதை வான நடுக்கோட்டுக்குச் சாய்வானது. இவ்விரண்டையும் கொண்டு கணித்தே அறிந்தார். அச்சாய்வு ஏறக்குறைய 23.5 பாகை. புவியின் அச்சு அவ்வளவு சாய்ந்தபடியே கதிரவனைச் சுற்றி வருவதே காரணம் என இன்று நாம் கற்பிக்கிறோம்.

ஆயினும், பாட்டியின் கூற்றில் ஒரு திருத்தம் உண்டு. வடதுருவத்தில் கதிரவன் உதிப்பது மார்ச் 20ஐ ஒட்டி, அதாவது பங்குனியில். மறைவது செப்டம்பர் 23ஐ ஒட்டி. ஆகவே டிசம்பர் 21ஐ ஒட்டிய மார்கழி நாள்கள் அங்கு விடியலல்ல, நள்ளிரவு! கதிரவன் வடக்கு நோக்கித் திரும்பும் நாளை விடியலாகக் கொண்டதால் வந்த வேறுபாடு இது. சூரிய சித்தாந்தம் என்னும் பழைய நூலோ, கதிரவன் மேடம் முதல் கன்னி வரை செல்லும் காலமே தேவர்களின் பகல் எனச் சரியாகக் கூறுகிறது.

கணித்ததைக் கண்ணால் காணும் காலமும் வந்தது. 1982 ஜனவரியில் இந்தியாவின் முதல் ஆய்வுக் குழு அண்டார்டிகாவில் இறங்கியது. 1984இல் தட்சிண கங்கோத்திரி நிலையத்தில் 12 பேர் முதன்முதலாகக் குளிர்காலம் முழுவதும் தங்கினர். பின்னர் 1987-89 காலத்தில் அங்குத் தங்கிய குழுவுக்குத் தலைமையேற்றவர் கர்னல் கணேசன் என்னும் தமிழர். அந்நிலையம் துருவத்தில் அன்று, தெற்கே 70 பாகையில் இருந்தது. அதனால் அங்கு இருள் ஆறு மாதம் நீடிப்பதில்லை. ஆண்டின் நடுவில் ஏறக்குறைய இரண்டு மாதங்களே கதிரவன் தோன்றுவதில்லை.

நாம் வாழ்வது வடக்கே ஏறக்குறைய நாலரைப் பாகையில். நம் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு அரைமணி நேரமளவே. நம் குளிர் மலையின் உயரத்தால் வருவது. துருவத்தின் குளிரோ சாய்ந்து விழும் கதிராலும் நீண்ட இரவாலும் வருவது. கோடையில் ஓயாது வெயில் அடித்தாலும் வெண்பனி அதன் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. "கேமரன் மலையில் குளிர்வது போலத்தான் அங்கும்" என்று மாணவர்களுக்குக் கூறிவிடலாகாது.

பள்ளி திறந்ததும் அம்மாணவியை அழைத்து, பந்தில் ஒரு குச்சியைச் செருகிச் சாய்த்துப் பிடித்து, கைவிளக்கொளியில் சுற்றிக் காட்டினேன். குச்சியின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தவள், "அப்படின்னா பாட்டியோட கணக்கு மூணு மாசம் முந்திப்போச்சு ஐயா" என்றாள்.

பிள்ளைகள் இத்தகைய கேள்வியோடு வரும்போது, புராணம் என்று ஒதுக்கவும் வேண்டா. முன்னோர் அனைத்தும் அறிந்திருந்தனர் என்று பெருமைபேசி முடிக்கவும் வேண்டா. ஒரு பந்தையும் விளக்கையும் எடுத்து வாருங்கள்.