வானுலகத் தாயும் மோர்மன் கவிதையும்

ஒரு சமூகத்தின் வரலாற்றைச் சாசனங்களிலே தேடுவோர் பலர். பாடல்களிலே தேடுவோர் சிலரே. சாசனம் சொல்லாது விட்டதைப் பாடல் சொல்வதுண்டு. ஐக்கிய அமெரிக்காவிலே தோன்றிய மோர்மன் சமயத்தவரின் கவிதை இதற்குத் தக்க சான்றாகும்.

1830இல் நியூயோர்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவர் இத்திருச்சபையை நிறுவினார். இதனைச் சேர்ந்தோர் குடியேறிய இடந்தோறும் அயலாரின் பகைக்கு ஆளாயினர். 1844இல் ஸ்மித் சிறையில் வைத்தே கும்பலொன்றாற் சுட்டுக் கொல்லப்பட்டார். 1846இல் இம்மக்கள் இலினோய் மாநிலத்திலே தாம் கட்டியெழுப்பிய நோவூ நகரைக் கைவிட்டு, மாட்டு வண்டிகளில் மேற்கு நோக்கிப் புறப்பட்டனர். கருவுற்ற மனைவியை நோவூவில் விட்டுச் சென்ற வில்லியம் கிளேற்றன், மகன் பிறந்த செய்தியை அயோவாவிலே கூடாரமடித்திருந்த வேளை அறிந்தார். அன்றே அவர் எழுதிய பாடல் இம்மக்களின் வழிநடைப் பாட்டாயிற்று. போய்ச் சேருமுன் மடிய நேர்ந்தாலும் கலங்கோம் என்பதே அதன் முடிபு.

இந்த இடப்பெயர்வுக்குச் சில மாதங்கள் முன்னரே மற்றொரு கவிதை அச்சேறியிருந்தது. அதனை இயற்றியவர் எலைசா ஸ்னோ. பலதார மணம் மறைவாக நிலவிய அச்சமூகத்தில் ஸ்மித்தின் மனைவியருள் இவரும் ஒருவர். 1844இல் கணவரை இழந்தார். 1845 ஒக்ரோபரில் தந்தையையும் இழந்தார். நவம்பரில் அக்கவிதை நோவூப் பத்திரிகையொன்றிலே வெளியாயிற்று. வானிலே தந்தை உண்டெனில் தாயும் இருத்தல் வேண்டுமல்லவா என்பதே அதன் உயிர்நாடி. மோர்மன் வேதநூல்களிலே அத்தாயைப் பற்றி வெளிப்படையான வாக்கியம் எதுவுமில்லை. ஆயினும், துதிப்பாடலாகிவிட்ட இக்கவிதை, தலைமுறை தலைமுறையாக அவளை மக்கள் நாவில் நிலைநிறுத்திற்று.

பாடலாம், ஆனால் வேண்டலாமா? 1991இல் திருச்சபைத் தலைவர்களுள் ஒருவரான கோர்டன் ஹிங்க்லி, வானுலகத் தாய் உண்டென்பதை மறுக்காமலே, அவளை நோக்கிப் பிரார்த்தித்தல் தகாது என்றார். பிரார்த்தனைக்கு அடைபட்ட கதவு கவிதைக்குத் திறந்தே இருந்தது. 2018இல் வெளிவந்த ‘புறாப் பாடல்’ என்னும் ஆங்கிலத் தொகுதி இத்தாயைப் பற்றிய கவிதைகளையே திரட்டித் தந்தது. 2020இல், எண்பதை எட்டிய கரோல் லின் பியர்சன் அவளைப் பற்றி முழு நூலொன்றே பாடி வெளியிட்டார்.

தந்தை இறந்த மறுமாதம் ஒரு பெண் அச்சேற்றிய கேள்வி அது. 175 ஆண்டுகளின் பின்னரும் அதற்கு விடை தேடும் பணி கவிஞரிடமே இருந்ததென்பது, நேயர்களே, நாம் சிந்திக்கத்தக்கது.