கண்ணாடியில் ஒரு துளை

எங்கள் பேட்ச் நண்பர்களுக்கு அந்தக் கடைசி வருட ப்ராஜெக்ட் மறந்திருக்காது. மீன் தொட்டியின் பக்கச் சுவரில் ஓட்டை போட்டு பைப் பொருத்த வேண்டும். சாதாரண ட்ரில் பிட்டை வைத்து அழுத்தினோம். "டப்"னு ஒரு சத்தம், தொட்டி போச்சு. ரிவியூவுக்கு இரண்டே நாள்.

ஒர்க்‌ஷாப் அட்டெண்டர் அண்ணன்தான் காப்பாற்றினார். "கண்ணாடியக் குத்தக் கூடாது தம்பி, தேய்க்கணும்" என்றார். புதுக் கண்ணாடியை, தொட்டியாக ஒட்டும் முன்பே, மரப்பலகை மேல் படுக்க வைத்தார். துளை வரும் இடத்தைச் சுற்றி புட்டியால் சின்ன வரப்பு. உள்ளே தண்ணீரும் கார்போரண்டம் பொடியும். ட்ரில்லிங் மெஷினில் செம்புக் குழாய்த் துண்டு ஒன்றை மாட்டினார். பொறுமையாக விட்டு விட்டு இறக்கினார். கடைசியில் கை ரொம்ப லேசு. காசு போல வட்டச் சில்லு ஒன்று கழன்று வந்தது.

அந்த முறைக்கு வயது நாலாயிரத்துக்கு மேல் என்று பிற்பாடுதான் படித்தேன். பிரமிடு காலத்து எகிப்தியர் செம்புக் குழாயைச் சுழற்றிக் கருங்கல்லையே துளைத்தார்கள். அறுப்பது செம்பு அல்ல, அதனடியில் உருளும் மணல். விளிம்பு மட்டும் தேய்ந்தால் போதும், நடுக்கல் முழுசாக வந்துவிடும். அப்படி வந்த கல் துண்டுகளைப் பற்றி பெட்ரி 1883-இல் எழுதியிருக்கிறார்.

நம் பக்கத்து அரிக்கமேட்டில் (வீலர் 1945-இல் அகழ்ந்த இடம்) இன்னும் கெட்டிக்காரத்தனம். கல்மணிகளைத் துளைத்தவர்கள் கண்ணாடி மணிக்கு ட்ரில்லையே தொடவில்லை. உருகிய கண்ணாடியைக் குழாயாக இழுத்து நறுக்கினார்கள். துளை கூடவே வந்தது!

மணலின் இடத்துக்கு வந்த கார்போரண்டம், 1891-இல் அமெரிக்காவின் அச்செசன் கண்டது. எங்கள் தொட்டி ஏன் உடைந்தது என்பதற்குப் பதில் கிரிஃபித்தின் 1921 கட்டுரையில் இருக்கிறது: கண்ணாடியின் பலத்தைத் தீர்மானிப்பது கண்ணுக்குத் தெரியாத கீறல்கள்தான். பிட்டின் முனை அப்படி ஒரு கீறலை வளர்த்துவிட்டது. 1954-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் செயற்கை வைரம் செய்தது. இன்று கடையில் கிடைக்கும் வைரத்தூள் பிட்டும் அதே குழாய்தான். பொடி விளிம்பிலேயே ஒட்டியிருக்கிறது. தண்ணீர் அதற்கும் வேண்டும்.

ஜூனியர்களுக்கு ஒன்று: டெம்பர்ட் கண்ணாடியில் இதை முயல வேண்டாம். மேற்பரப்பு அமுக்கத்திலும் உள்பகுதி இழுவிசையிலும் இருப்பதால், துளைத்தால் மொத்தமும் பொடிப்பொடியாகிவிடும். அண்ணன் முதலில் கேட்டதே, "இது டெம்பர்டா?" என்றுதான்.

ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் கைடு, எச்.ஓ.டி., பிரின்சிபால் எல்லோருக்கும் நன்றி சொன்னோம். அண்ணன் பெயர் அதில் இல்லை. அவர் ரிட்டையர் ஆகிவிட்டாராம். ரீயூனியனுக்கு அவரையும் அழைக்கச் சொல்லி சங்கத்துக்குக் கடிதம் போட்டிருக்கிறேன்.