நிகண்டின் வருக்கை, சந்தையின் வருக்கை

சித்திரை, வைகாசியில் தக்கலைச் சந்தைக்குப் போனால் சக்கை மணம் தெருமுனையிலேயே வந்து பிடித்துக்கொள்ளும். மற்ற ஊர்க்காரர்கள் பலா என்பதை நாங்கள் சக்கை என்கிறோம். கரும்பைப் பிழிந்தபின் மிஞ்சும் கழிவைச் சக்கை என்று சொல்லிப் பழகியவர்களுக்கு இது காதில் இடறும். விலை கேட்டால் விற்கிற அக்கா உடனே விலை சொல்லமாட்டார். "வருக்கையா, கூழனா?" என்று திருப்பிக் கேட்பார். பிசின் ஒட்டாமலிருக்கக் கத்தியில் தேங்காய் எண்ணெய் தடவி, ஒரு கீற்று வெட்டி, ஒரு சுளையை நீட்டுவார். வருக்கைச் சுளை விறைப்பானது. பல்லுக்கு வேலை இருக்கும். கூழன் அப்படியில்லை. விரலில் குழையும், தொண்டையில் வழுக்கி இறங்கும். சுளையைத் தின்றபிறகு இந்த இரண்டு சொற்களும் யாருக்கும் குழம்பாது.

இதே வருக்கை நிகண்டிலும் இருக்கிறது. பலாவின் பெயர்களைச் சொல்லுமிடத்தில் பனசம், பாகல் முதலியவற்றோடு வருக்கையும் நிற்கிறது. அங்கே அது பலாவின் ஒரு வகையல்ல, பலாவேதான். சந்தையில் கூழனிலிருந்து பிரித்துக்காட்டும் சொல், நிகண்டில் பலாவோடு ஒன்றாகிவிடுகிறது. சொல்வளம் பெருக்க விரும்புகிறவர் நிகண்டிடம் போவதா, சந்தைக்குப் போவதா? இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க நான் தொடங்கியது இந்த ஒரு சொல்லிலிருந்துதான்.

நிகண்டைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. சேந்தன் திவாகரம் பன்னிரண்டு தொகுதிகளாக உலகத்தையே அடுக்கி வைத்த நூல். தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று வரிசையாகப் போய், முதல் பத்துத் தொகுதிகளிலும் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தொகுத்துத் தருகிறது. பதினொன்றாவது, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்கள். ஆங்கிலத்தில் பொருள்வாரியாகச் சொற்களை அடுக்கிய ரோஜேயின் தொகுப்பு 1852இல்தான் வெளிவந்தது. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம்மிடம் இந்த வழி இருந்தது. வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியில் அகரவரிசையைக் கொண்டுவரும்வரை தமிழ் மாணவர் சொல் கற்றது பெரும்பாலும் இப்படித்தான். திண்ணைப் பள்ளியில் மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டை விருத்தமாகவே பாடி மனப்பாடம் செய்தார்கள்.

நிகண்டு ஏன் வேறுபாட்டைச் சொல்லவில்லை என்பதற்கு விடை அந்த விருத்தத்திலேயே இருக்கிறது. அது செய்யுள் படிப்பவருக்கும் செய்யுள் செய்பவருக்கும் ஆன நூல். நீர் என்ற சொல் எதுகைக்கு ஒத்துவராவிட்டால் புனல் வரும். அதுவும் சீருக்கு இடிக்குமானால் சலம், தோயம், உதகம் என்று கை நீட்டலாம். புலவருக்கு வேண்டியது ஒன்றின் இடத்தில் மற்றொன்று நிற்கும் என்ற உறுதி. சக்கை விற்கிற அக்காவுக்கு வேண்டியது அதற்கு நேர் எதிரானது. வருக்கைக்கு ஒரு விலை, கூழனுக்கு ஒரு விலை. வருக்கை என்று சொல்லிக் கூழனைக் கொடுத்தால் மறுநாள் அந்த வாடிக்கைக்காரர் வரமாட்டார். ஒப்புமை புலவரின் தேவை, வேற்றுமை வியாபாரியின் தேவை. இந்தக் காரணத்தை விட்டுவிட்டு, நிகண்டு துல்லியமற்றது என்றோ பேச்சுமொழி கொச்சை என்றோ தீர்ப்புச் சொல்வது இரண்டுக்கும் அநியாயம்.

தக்கலை இந்த ஒப்பீட்டுக்கு வாய்ப்பான ஊர். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்து, அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்த கல்குளம் வட்டத்தின் தலைமையிடம். கிழக்கே நாகர்கோவில் பக்கம் தண்ணி, மேற்கே போகப்போக வெள்ளம். இங்கே இரண்டும் புழங்கும். நான் ஆறாம் வகுப்பில் கட்டுரை நோட்டில் "அம்மை வெள்ளம் தந்தாள்" என்று எழுதினேன். வெளி மாவட்டத்திலிருந்து வந்திருந்த ஆசிரியர் சிவப்பு மையால் இரண்டு சொற்களை வட்டமிட்டு, மேலே "அம்மா", "தண்ணீர்" என்று எழுதினார். அம்மை அவருக்கு நோய், வெள்ளம் அவருக்கு ஆற்றுப்பெருக்கு. தேர்வுக்கு அவர் திருத்தியது சரி. ஆனால் அந்த வட்டத்துக்குள் ஒரு முழு வகுப்புப் பாடம் இருந்தது என்று இன்றைக்கும் எனக்கு ஆதங்கம். தண்ணீர் என்பதே குளிர்ந்த நீர்தான். இருந்தும் எல்லோரும் சுடுதண்ணி என்கிறோம். தண்மை அந்தச் சொல்லிலிருந்து எப்போதோ ஆறிப்போயிற்று. சொல் தன் பழைய பொருளை எங்கே விட்டது, எங்கே பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அன்றே யாராவது சொல்லித்தந்திருக்கலாம்.

அவர் வட்டமிடாமல் விட்ட மூன்றாவது சொல்லில்தான் பெரிய செய்தி இருந்தது. தந்தாள். தா, கொடு இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். தொல்காப்பியர் அப்படி நினைக்கவில்லை. தா என்பது தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியது, கொடு என்பது படர்க்கைக்கு உரியது என்று கிளவியாக்கத்தில் பிரிக்கிறார். எனக்கும் உனக்கும் தரலாம், அவனுக்குக் கொடுக்கவேண்டும். எச்சவியலில் இன்னொரு பிரிவும் செய்கிறார்: தாழ்ந்தவன் கேட்கும்போது ஈ, ஒத்தவன் கேட்கும்போது தா, உயர்ந்தவன் கேட்கும்போது கொடு. இவ்வளவு நுட்பமாக மூன்று ஒத்தசொற்களைப் பிரித்த இலக்கணம் நமக்கிருப்பது பெருமைதான். ஆனால் எனக்குப் பெருமையைவிட ஆச்சரியமே அதிகம். ஏனென்றால் முதல் விதியை நான் தக்கலைக் கடைகளில் தினமும் கேட்கிறேன்.

"எனக்கு அரைக் கிலோ மட்டிப்பழம் தாங்க."

"இருங்க, இந்த அண்ணனுக்குக் குடுத்துட்டு ஒங்களுக்குத் தாறேன்."

ஒரே வாக்கியத்துக்குள் கொடுவும் தாவும் ஆளறிந்து மாறி வருவதைக் கவனியுங்கள். சென்னையில் "எனக்குக் குடு" என்பது சாதாரணப் பேச்சு. எங்கள் பக்கம் அது கொஞ்சம் முரட்டுத்தனமாக ஒலிக்கும். பக்கத்திலுள்ள மலையாளத்திலும் இந்தப் பிரிவு உறுதியாக இருப்பது எங்கள் பேச்சில் அது நிலைக்க ஒரு காரணமாக இருக்கலாம். இரண்டாவது விதி, அந்த மேல்கீழ் விதி, சந்தையில் இல்லை. கேட்பவர் யாராக இருந்தாலும் "தாங்க"தான். ஆளைப் பார்த்து நிறுக்கும் விதி போய், திசையைப் பார்த்து நிறுக்கும் விதி தங்கியிருப்பதில் எனக்கு மகிழ்ச்சி.

வழிபாட்டுச் சொற்களை எடுத்தால் ஊரின் அமைப்பே தெரிந்துவிடும். வணங்குதல், தொழுதல், பூசித்தல், ஆராதித்தல் எல்லாம் அகராதியில் ஒரே குடும்பம். தக்கலையில் ஒவ்வொன்றுக்கும் தனி வாசல். சூஃபி ஞானி பீர் முகம்மது அப்பா அடங்கியிருக்கும் ஊரில் தொழுகை என்றால் பள்ளிவாசல் தொழுகைதான். வேறு விளக்கம் வேண்டாம். குமாரகோவிலில் பூசை. கத்தோலிக்கரும் பூசை என்பார்கள், திருப்பலி என்றும் சொல்வார்கள். 1996இல் தக்கலை தனி மறைமாவட்டமான சீரோ மலபார் சபையினருக்கு அது குர்பானா. சி.எஸ்.ஐ. குடும்பத்தில் ஞாயிறு காலை ஆராதனை. "தொழுகைக்குப் போயிட்டு வந்து பாக்கேன்" என்று ஒருவர் சொன்னால், அவர் எங்கே போகிறார், எத்தனை மணிக்குத் திரும்புவார் என்பது வரை கடைக்காரருக்குத் தெரியும். தொழுதல் பழைய தமிழ்ச்சொல், எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. அதை இஸ்லாமியத் தமிழ் தனதாக்கி வைத்திருக்கிற அழகு எந்தப் பட்டியலிலும் தெரியாது.

இன்றைய பள்ளிப் பாடத்தில் ஒத்தசொல் பயிற்சி என்றால் இடப்பக்கம் ஒரு சொல், வலப்பக்கம் நான்கு சொல். நிகண்டிலிருந்து விருத்தத்தைக் கழற்றிவிட்டு எஞ்சியது இது. பாடி மனத்தில் இருத்தும் சுகமும் போயிற்று, வேறுபாடும் வரவில்லை. எனக்குத் தெரிந்த நல்ல பயிற்சி ஒன்றே ஒன்று: வாக்கியத்தில் ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்துப் பார்ப்பது. குதி, தாவு, துள்ளு, பாய் ஆகிய நான்கையும் கொடுத்துக் கன்றுக்கு எது, குரங்குக்கு எது, புலிக்கு எது என்று கேட்டால் பிள்ளைகள் தவறே செய்யமாட்டார்கள். கன்று பாய்ந்தது என்று எழுதினால் அவர்களே முகம் சுளிப்பார்கள். அந்தச் சுளிப்புத்தான் சொல்லறிவு. எங்கள் பிள்ளைகள் ஐந்தாவதாகச் சாடு என்பதையும் சேர்ப்பார்கள்: "கொளத்துல சாடினான்." நாளிதழில் அமைச்சர் எதிர்க்கட்சியைச் சாடினார் என்று வந்தால் அங்கே யாரும் குதிக்கவில்லை, கடிந்து பேசியிருக்கிறார் என்று சொல்லித்தர ஒரு நிமிடம் போதும். விளிவேற்றுமையோ எங்களுக்குச் சொல்லித்தரவே வேண்டாம். "அம்மை விளிக்கா" என்ற குரல் கேட்டுத்தான் விளையாட்டை விட்டு வீட்டுக்கு ஓடியிருக்கிறோம்.

இத்தனைக்கும் பிறகு நான் ஏட்டுப்பக்கமே திரும்பவேண்டியிருக்கிறது. திசைச்சொல்லுக்கு எடுத்துக்காட்டுத் தரும்போது நன்னூல் உரைகாரர்கள், வேணாட்டார் தோட்டத்தைக் கிழார் என்பர், குட்டநாட்டார் தாயைத் தள்ளை என்பர் என்று எழுதிவைத்தார்கள். வேணாடு என்பது நாங்கள்தான். வேணாட்டு அரசர்கள் இருந்த பத்மநாபபுரம் அரண்மனை தக்கலையிலிருந்து நடந்துபோகும் தொலைவு. கிழார் என்று தோட்டத்தை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்களுக்கு மேட்டுநிலத் தோட்டம் விளை, நெல் விளையும் வயல்பரப்பு ஏலா. உரைகாரர் எழுதியிராவிட்டால் கிழார் என்ற ஒரு சொல் இந்த மண்ணில் நடமாடிய தடயமே எனக்குக் கிடைத்திராது. சந்தை மறந்ததை ஏடு வைத்திருக்கிறது.

தள்ளையை யாரும் மறக்கவில்லை. பெற்றவளைத் தள்ளை என்று நேரில் சொன்னால் வீட்டில் அடி விழும். சண்டையில் மட்டும்தான் அந்தச் சொல் மனிதருக்கு வரும். முற்றத்தில் குஞ்சுகளோடு மேய்கிற கோழி தள்ளைக்கோழி. மேலே பருந்து வட்டமிட்டால் அது ஒரு குரல் கொடுக்கும், பத்துக் குஞ்சும் ஓடிவந்து சிறகுக்குள் புகுந்துகொள்ளும். தாய்க்கோழி என்று யாராவது சொன்னால் எனக்குப் பொருள் புரிகிறது. அந்தச் சிறகு கண்ணில் வருவதில்லை.